தேவகிக்கு நான் வரைந்த இரண்டு கண்கள்

நான் வேலை பார்த்த தீவு ஆஸ்பத்திரியின் பல் மருத்துவப் பிரிவுக்கு இப்போது ஒரு பிரிண்டர் வந்திருக்கிறது. நோயாளியின் நல்ல கண்ணைக் கேமராவில் படம் எடுத்து, கணினியில் நிறத்தைச் சரிபார்த்து, செயற்கைக் கண்ணுக்கான கருவிழியைச் சின்ன வட்டமாக அச்சடித்துத் தருகிறது. நான் குனிந்து உட்கார்ந்து நாள் முழுக்க வரைந்ததை, டீ ஆறுவதற்குள் தந்துவிடுகிறது. நல்லதுதான். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. என் கழுத்து வலி யாருக்கும் வர வேண்டாம்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பிரியா போன வாரம் பத்துபஸ்தியில் என் வீட்டைத் தேடி வந்தாள். "அக்கா, மெஷின் கராப் ஆச்சுன்னா மெயின்லேண்ட்லேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் பேஷண்ட்டை உக்கார வெக்க முடியாது. கையால வரையறதுக்கு பேசிக்ஸ் மட்டும் எழுதிக் குடுங்க, அது போதும்" என்றாள். சரி என்று எழுத உட்கார்ந்தேன். அடிப்படை என்று பார்த்தால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் அதை மட்டும் எழுதி நிறுத்த மனம் வரவில்லை. நன்றாக வரையக் கற்றுக்கொண்டதால் என்ன நடந்தது என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

நான் பல்செட் செய்யும் டெக்னீஷியனாகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பாதி உத்தியோகம் மெழுகிலும் பிளாஸ்டரிலும் போனது. கண் போனவர்களுக்குச் செயற்கைக் கண் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் கப்பல் ஏறிச் சென்னை போக வேண்டும். போக முடியாதவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள், அல்லது பெட்டியில் வரிசையாக வரும் ரெடிமேட் கண்ணில் ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். அது பொம்மைக் கண் போல எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் டாக்டர் நிர்மலா மாற்றலாகி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "மல்லிகா, உங்க கை நடுங்காதுன்னு சொன்னாங்க. இனிமே கண்ணும் நாமளே பண்ணலாங்க" என்றார். எனக்கு வரையத் தெரியாது என்றேன். "வரையத் தெரிஞ்சவங்க எனக்கு வேண்டாங்க. அவங்க மனசுல இருக்கற கண்ணை வரைஞ்சுடுவாங்க. எனக்கு எதிர்ல இருக்கற கண்ணு மட்டும் போதும்" என்றார்.

முதலில் கருவிழியே இல்லை. நடுவில் வரும் கறுப்புப் பாப்பா மட்டும். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டத் தகட்டில், நடுமையத்தில், ஓரம் பிசிறாமல் ஒரு புள்ளி. மழைக்காலம் முழுவதும் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தகட்டின் ஓரத்தில் வரும் சாம்பல் வளையம். அதற்குப் பிறகுதான் நிறம்.

டாக்டர் சத்தம் போட மாட்டார். பாராட்டவும் மாட்டார். நான் தகட்டை மேசையில் வைத்தால் கையில் எடுக்க மாட்டார். குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஜன்னல் பக்கம் கொண்டுபோகச் சொல்வார். ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்வார். அப்புறம் அறையின் மறுமூலைக்குப் போய் நின்று, அங்கிருந்து பார்ப்பார். "பெயிண்ட் கெட்டியா இருக்குங்க" என்பார். இன்னொரு நாளும் அதையேதான் சொல்வார். எந்தத் தப்பாக இருந்தாலும் கடைசியில் அது கெட்டியான பெயிண்டில்தான் போய் முடியும். பாலில் தண்ணீர் கலந்த மாதிரி நீர்க்க வைத்து, தூரிகையைத் துணியில் ஒற்றி, ஒரு பூச்சு. அது காயும்வரை கை வைக்கக் கூடாது. இந்த ஊரின் ஈரக்காற்றில் அது காய்ந்தேன் என்று சொல்லாது. காய்வதற்குள் அடுத்த பூச்சைப் போட்டால் கீழே இருப்பது கலங்கிப் புண் மாதிரி ஆகிவிடும். காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

நம் ஆட்களின் கண் கறுப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கறுப்புக் கண்ணே கிடையாது. ஓரத்தில் காப்பிக்கொட்டை நிறம், உள்ளே வரவரக் கருப்பட்டி, பாப்பாவைச் சுற்றித் தேன். வெள்ளை விழியும் வெள்ளை கிடையாது. மூக்குப் பக்கம் லேசான சிவப்பு, ஓரத்தில் நீலம், வெயிலில் படகு ஓட்டுகிறவர்களுக்குப் பழுப்பு. ரத்த நரம்பைத் தூரிகையால் இழுத்தால் அது கோடு மாதிரி இருக்கும். சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, ஒற்றை இழையை எடுத்து ஒட்ட வேண்டும். மேலே தெளிந்த அக்ரிலிக் போட்டதும் நிறம் ஒரு படி இருண்டுவிடும். அதனால் வரையும்போதே தகட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் வழியாகப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பிரியா, நீ கேட்ட பேசிக்ஸ் இவ்வளவுதான்.

முதலில் உருப்படியாக அமைந்தது ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு பெங்காலிக்காரருடையது. கம்பிக் கயிறு அறுந்து அடித்துக் கண் போனவர். கண்ணைப் பொருத்தியதும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டாக்டரிடம், "மேடம், கௌன்-ஸா வாலா?" என்று கேட்டு, எது புதுக் கண் என்று அவருக்கே மறந்துபோன மாதிரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் போன பிறகு டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "நம்ம வேலை சரியா இருந்தா, யாரும் அதைப் பாக்க மாட்டாங்க மல்லிகா. யாராவது நல்லா இருக்குன்னு சொன்னாலே எங்கேயோ தப்பு."

அதைத்தான் நான் வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன்.

தேவகி வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அவள் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வண்டூரிலிருந்து கணவனோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கண்ணை ஆபரேஷன் செய்து எடுத்துப் புண் ஆறியிருந்தது. தென்னை மட்டை விழுந்துவிட்டது என்று கணவன் சொன்னான். அவன் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுலாக்காரர்களுக்குப் படகு விடுகிறவன். நல்ல வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நான் உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

"பில்குல் அசல் மாதிரி இருக்கணும் அக்கா. எத்தன தடவ வேணும்னாலும் கூட்டிட்டு வரேன். நாலு பேரு வந்து போற எடம் நம்மளுது. பாக்கறவங்க என்னாச்சுன்னு கேக்கக் கூடாது."

இப்படி அக்கறையாகக் கூட்டிக்கொண்டு வரும் கணவர்கள் எங்களுக்கு அபூர்வம். பெரும்பாலும் பெண்களை அண்ணன் கூட்டி வருவான், அல்லது தனியாக வருவார்கள். எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

கண் வரைவதற்கு நோயாளியும் நாமும் முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும். நல்ல கண்ணைப் பார்த்து, தகட்டைப் பார்த்து, மறுபடி கண்ணைப் பார்த்து. அவரவர் தாய்கூட அந்தக் கண்ணை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். தேவகியின் வலது கண்ணில் பாப்பாவுக்குக் கீழே கிராம்பு நிறத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது இடது கண்ணில் வேண்டாம். இரண்டு கண்ணிலும் ஒரே மச்சம் யாருக்கும் இருக்காது. ஆனால் மச்சத்தைச் சுற்றி இருந்த செம்பழுப்பு இரண்டிலும் வர வேண்டும். அதற்கே அதிக நேரம் பிடித்தது. முருகேசன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். நான் ஏதாவது கேட்டால் அவனே பதில் சொல்வான்.

வரைகிற கடைசி சிட்டிங்கில் நரம்புக்கு நூல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் போன் வந்தது. டவர் கிடைக்காமல் வராண்டாவுக்குப் போனான். தேவகி என் முகத்தைப் பார்த்தபடியே, உதடு அசையாத மாதிரி சொன்னாள்.

"மட்டை இல்ல அக்கா."

என் இடுக்கியில் நூல் இருந்தது. "பின்ன என்ன?" என்றேன்.

"படகுத் துடுப்பு."

அவன் திரும்பி வந்துவிட்டான். அதற்குள் அவள் கண் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

அன்று மதியமே டாக்டரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் கண் பொருத்த வந்தபோது, அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லித் தேவகியை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய், முருகேசனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். நானும் கூட இருந்தேன்.

"தேவகி, நீங்க சொன்னா நான் எழுதித் தர்றேன். போலீசுக்கும் நானே பேசறேன். இங்கேயே தங்க வெக்கவும் ஏற்பாடு பண்ணலாங்க" என்றார் டாக்டர்.

"வேணாம் மேடம். புள்ளைங்க அவரோட அம்மாகிட்ட இருக்கு."

"அவரு உங்கள அடிச்சாரா இல்லையா?"

"மட்டைதான் மேடம் விழுந்துச்சு."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டர் அதற்கு மேல் அவளை வற்புறுத்தவில்லை. தன் போன் நம்பரை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். அதை அவள் அங்கேயே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கண் நன்றாக அமைந்தது. என் வேலையிலேயே அதைப்போல ஒன்று அமைந்ததில்லை. டாக்டர் அறையின் மறுமூலையில் போய் நின்று பார்த்தார், பெயிண்ட் கெட்டி என்று சொல்லவில்லை. தேவகி தலையைத் திருப்பினாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கண் கூடவே போயிற்று. முருகேசன் கை கூப்பினான். "அக்கா, நீங்க தெய்வம்" என்றான்.

சில மாதம் கழித்து தேவகியின் அண்ணன் என்னைத் தேடி வந்தார். ரங்கத் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தங்கைக்கு மறுபடி அடி விழுந்து, கை வீங்கி, அவர் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். போலீசுக்குப் போக வேண்டாம், நாங்களே பேசித் தீர்க்கிறோம் என்று இரு குடும்பத்துப் பெரியவர்களும் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். "கண்ணு போனதே அவனாலதான்னு நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஆஸ்பத்திரி ஆளா ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா" என்றார். டாக்டர் லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார். நான் போனேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். இரு பக்கமும் பெஞ்சு. தேவகி அண்ணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முருகேசன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான்.

அண்ணன் துடுப்பு விஷயத்தைச் சொன்னார். எதிர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் தேவகியை முன்னால் வரச் சொன்னார். அவள் வந்து நின்றாள். அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணும் டீக்கா, நல்லாத்தானே இருக்கு? எந்தக் கண்ணு போச்சுங்கறீங்க?"

"இடது கண்ணுங்க. அது அசல் இல்ல. நான் பண்ணின கண்ணு" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் மறுபடி குனிந்தார். இன்னொருவர் எழுந்து வந்தார். பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "அடேயப்பா!" என்றார் பெரியவர். "கையால பண்ணினதா? தெரியவே இல்லையேம்மா!" பக்கத்தில் இருந்தவர், தன் அம்மாவுக்குப் பல்செட் லூசாக இருக்கிறது, எப்போது கூட்டிக்கொண்டு வரலாம் என்று என்னிடம் கேட்டார். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று கண்ணைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் கை வீங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"அது எப்படிப் போச்சுன்னு கேளுங்க" என்றேன். "தென்ன மட்டை இல்ல. அவளே என்கிட்ட சொன்னா."

பெரியவர் தேவகியைப் பார்த்தார். "சொன்னியாம்மா?"

அவள் எதிர்ப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசனின் அம்மா மடியில் அவளுடைய சின்னப் பையன் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

முருகேசன் எழுந்தான். கோபமே படவில்லை. "கொடுமக்காரன்னு சொல்றாங்க. பரவால்ல. கொடுமக்காரன் பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலைவானா? அக்காவையே கேளுங்க. எத்தன தடவ வந்தேன்? எவ்வளவு நேரம் நின்னேன்? அசல் மாதிரி வேணும்னு கேட்டு வாங்கினது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வந்தான், நின்றான், கேட்டான். நான் "ஆமா, வந்தாரு. ஆனா" என்று ஆரம்பித்தேன். ஆனாவுக்குப் பிறகு வந்ததை யாரும் கேட்கவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கடைசியில், சண்டை எந்தக் குடும்பத்தில் இல்லை, அவன் இனிமேல் கை நீட்டக் கூடாது, அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் டீ வந்தது.

டாக்டர் திரும்பி வந்ததும் சொன்னேன். "அந்த ரெடிமேட் பெட்டில இருந்து ஒண்ணை எடுத்து வெச்சிருந்தா, இந்நேரம் தேவகி தோத்திருக்க மாட்டாங்க இல்ல மல்லிகா" என்றார். அதன் பிறகு கொஞ்ச நாள் தூரிகையைத் தொடும்போதெல்லாம் கை பின்வாங்கியது. ஆனால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? வரைந்தேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். தேவகி தனியாக வந்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு தெரிந்தது. கண்ணைப் பாலிஷ் செய்ய வந்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வேற கண்ணு பண்ணிக் குடுங்க அக்கா."

"ஏன், உறுத்துதா?"

"இல்ல. இது நல்லா இருக்கு. அதான், நல்லா இல்லாத மாதிரி ஒண்ணு வேணும். பாத்தாலே தெரியணும். சந்தையில நிக்கிறவங்களுக்குத் தெரியணும். ஸ்கூல்ல டீச்சருக்குத் தெரியணும். யாராச்சும் ஒருத்தர் என்னாச்சுன்னு கேக்கணும் அக்கா. கேட்டா நான் சொல்லிடுவேன். யாருமே கேக்க மாட்டேங்கறாங்க."

நான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவள் அவரிடமும் அதையே சொன்னாள். டாக்டர் அவள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். "இப்பவே போலீசுக்குப் போலாங்க. நான் கூட வரேன்."

"அக்கா சொன்னப்பவே நம்பல மேடம். அவங்களா கேக்கட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அவங்க கேக்கறதைப் பண்ணுங்க" என்றார்.

மோசமாக வரைவது சுலபம் என்று நினைத்தேன். கை கேட்கவில்லை. கெட்டிப் பெயிண்டைத் தொட்டு எடுத்தால் விரல் தானாகத் துணியில் ஒற்றிவிடுகிறது. வளையம் போடாதே என்றால் போட்டுவிடுகிறது. இரண்டு தகட்டை வீணாக்கினேன். கடைசியில் தேவகியின் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரே பழுப்பை ஒரே பூச்சாக அப்பினேன். வெள்ளையைச் சுண்ணாம்பு மாதிரி விட்டேன். நரம்பு வைக்கவில்லை. பொருத்தியபோது அவள் முகம் பாதி செத்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தாள். பழைய கண்ணை முந்தானையில் முடிந்துகொண்டாள். படி இறங்கும்போது எதிரே வந்த ஒரு நர்ஸ் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேளுங்கள், கேளுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. நர்ஸ் போய்விட்டார்.

அடுத்த மழை ஓய்ந்தபோது முருகேசன் வந்தான். அதே வெள்ளைச் சட்டை. கைக்குட்டையைப் பிரித்து நான் அப்பிய கண்ணை மேசைமேல் வைத்தான்.

"இது சரியில்லக்கா. வயசாயிடுச்சு உங்களுக்கு, பார்வை மங்கியிருக்கும். நான் தப்பா எடுத்துக்கல. கம்ப்ளெயிண்ட்டும் பண்ணல. சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் வேற வெச்சுக்கிட்டோம். நீங்க மொதல்ல பண்ணின பழசு கடல்ல விழுந்திடுச்சு."

"தேவகி எங்க?"

"வண்டியில இருக்கா. வாங்க, பாருங்க."

போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்கக் கண்ணையே பார்த்தவள் நான். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தபோது, எந்தக் கண் பார்க்கிறது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. நிறம், வளையம், ஓரத்து நீலம், எல்லாம் இருந்தது. வலது கண்ணின் கிராம்பு மச்சத்தைத் தேடித்தான் எது அசல் என்று கண்டுபிடித்தேன்.

"எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

முருகேசன் எனக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"நல்லா இருக்கேன் அக்கா" என்றாள்.

வண்டி கிளம்பிப் போயிற்று. சென்னையில் யாரோ ஒருவர் இந்த வேலையை மிக நன்றாகக் கற்றிருக்கிறார்.